முப்பத்தெட்டாவது மரணம்

அக்டோபர் பிறந்துவிட்டால் நொயெமி ப்ருனெங்கோவுக்குப் பெயர்களை அழிக்கும் வேலை. ரொசாரியோ நகரத்துப் பொருளாதாரக் கல்லூரியின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, சுவிரியா பரிசுக்கு வந்து சேரும் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறப்பாள். முதல் பக்கத்தில் இருக்கும் பெயரை எடுப்பாள். கடைசிப் பக்கத்தில் மனைவிக்கும் மாமனாருக்கும் நன்றி சொல்லி உருகியிருப்பதை எடுப்பாள். நடுவில் எங்காவது 'நான் சென்ற ஆண்டு நிரூபித்தபடி' என்று தம்பட்டம் அடித்திருந்தால் அதையும் எடுப்பாள். பிறகு ஒரு எண் போட்டு மூன்று நடுவர்களுக்கு அனுப்புவாள். எழுதியவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருஷமாக அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இயக்குநர் பாஹெஸ் மட்டும் வருஷா வருஷம் வந்து கெஞ்சிப் பார்ப்பார்.

"நொயெமி, ஒன்பதாம் நம்பர் நம்ம கோர்தோபாக்காரன்தானே? வாயத் திறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டு."

"என் தலை பரிசு முடிஞ்சப்புறம்தான் ஆடும், டாக்டர். போயி காப்பியக் குடிங்க."

பரிசு நிறுவன நிதி ஆய்வுக்கானது. முதலாளி எப்போது பங்கை விற்கிறார், ஏன் லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் பதுக்குகிறார், அவர் மண்டையைப் போட்டால் கம்பெனி நிற்குமா விழுமா என்பதையெல்லாம் ஆராயும் படிப்பு. வாழ்நாளில் ஒரு பட்டறைக்குள் கால் வைத்திராத ஆட்கள்தான் இதில் பெரிய நிபுணர்கள். அதை நொயெமி வாய்விட்டே சொல்வாள். சம்பளம் கொடுக்கிற இடமாயிற்றே என்று கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள், அவ்வளவுதான்.

அந்த மாதத்தில்தான் அவளுடைய அப்பாவும் வருவார், நவம்பரில் பரிசு விழா முடியும்வரை இருப்பார். அல்தோ ப்ருனெங்கோ செத்து முப்பத்தைந்து வருஷமாகிறது. கட்டுரை கொடுக்க வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் மர நாற்காலியில், கிரீஸ் படிந்த நீலச் சட்டையும் மடியில் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பார். ஒன்றும் பேச மாட்டார். முதல் வருஷம் நொயெமி வீரிட்டு அலறிவிட்டாள். துடைப்பத்தோடு ஓடி வந்த பெண்ணிடம் எலி என்று சொல்லிச் சமாளித்தாள். நாளாக ஆக அலறல்தான் நின்றது, பயம் நிற்கவில்லை. அந்த நாற்காலியில் யாராவது பையை வைத்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

"அங்க வைக்காதீங்க, கால் ஆடுது" என்பாள். நாற்காலிக்குக் கால் ஆடியதே இல்லை.

கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் நொயெமி ஒரு செய்தித்தாளில் மரண அறிவிப்புக் கவுண்டரில் இருந்தாள். அழுது வீங்கிய முகங்கள் வரும். பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள்: "திருச்சபையின் இறுதி ஆறுதல் பெற்றுக் காலமானார்னு போட்டுடலாமா?" சாகப்போகிறவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிக் கடைசி ஜெபம் சொன்னாரா இல்லையா என்று அவள் விசாரிப்பதில்லை, வந்தவர்களும் யோசிப்பதில்லை. போடுங்கம்மா என்பார்கள். டிராக்டர் கவிழ்ந்து அந்த இடத்திலேயே போனவனுக்கும் அந்த வரி வரும், சீட்டாட்ட மேஜையில் சாய்ந்தவனுக்கும் வரும். போடாமல் விட்டால்தான் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேசுவார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம், மழை விடாமல் அடித்த ஒரு பிற்பகலில், கவுண்டரிலிருந்த நொயெமிக்குப் போன் வந்தது. அப்பாவுக்கு நாற்பது ஆள் வேலை செய்த தண்ணீர்ப் பம்பு பட்டறை இருந்தது. அந்த வருஷம் காலையில் சொன்ன விலை மாலையில் நிற்காது. இரும்பு வாங்கவும் வழியில்லை, செய்ததை விற்கவும் வழியில்லை. மத்தியானத் தூக்கத்துக்கு ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போன நேரத்தில், அப்பா பட்டறையின் பின்னறையில் எதையோ குடித்துவிட்டார். அவளுடைய ஞானத்தகப்பனான டாக்டர் நார்திதான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒரு நிமிஷத்துல முடிஞ்சுதும்மா. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சர்ட்டிபிகேட்டுல ரொம்ப நாள் இருதய நோய்னு எழுதிட்டேன். நீயும் அப்படியே எழுது."

மறுநாள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளே எழுதினாள். அல்தோ ப்ருனெங்கோ, ஐம்பத்தொரு வயது, நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்து, திருச்சபையின் இறுதி ஆறுதல் பெற்றுக் காலமானார். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளை வருத்தியது.

எட்டு வருஷம் கழித்துப் பேராசிரியர் ரினால்தோ சுவிரியா பழைய செய்தித்தாள்களைத் தேடி வந்தார். நல்ல மனுஷன், ஞாயிறு பூசை தவறாதவர். இருபத்தைந்து வருஷத்தில் செத்துப்போன முதலாளிகளையெல்லாம் பட்டியலிட்டு, திடீரென்று போனவர்கள் யார், போகப்போவது தெரிந்தே போனவர்கள் யார் என்று பிரிக்க வேண்டும் என்றார். எப்படிப் பிரிப்பது? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. அறிவிப்பில் அந்த வரி இருந்தால் சாமியார் வந்திருக்கிறார். சாமியார் வந்திருந்தால் நேரம் இருந்திருக்கிறது. நேரம் இருந்திருந்தால் முதலாளி தொழிலை யார் கையிலாவது ஒப்படைத்திருப்பார். மரண அறிவிப்புகளைக் கரைத்துக் குடித்தவள் என்று நொயெமியையே அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அவள் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"டாக்டர், அந்த வரி பழக்கத்துக்குப் போடறது. நானே எத்தன பேருக்குப் போட்டிருக்கேன்."

"செத்தவங்க விஷயத்துல யாரும்மா பொய் சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த அட்டையை எடுத்தார். அது முப்பத்தெட்டாம் அட்டை. "ப்ருனெங்கோ பம்பு. உங்கப்பாதானே? அவருக்கப்புறம் உங்க சித்தப்பா நடத்தறாரு, மூணே வருஷத்துல தொழில் ரெட்டிப்பாயிருக்கு. பாத்தியா, மனுஷன் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்காரு."

நொயெமி தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தடவைதான் ஆட்டினாள். அதற்குமேல் அந்த வரியைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் எழவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு மரணங்களை வைத்து எழுதிய அந்தக் கட்டுரை சுவிரியாவை எங்கேயோ தூக்கிக்கொண்டு போனது. முதலாளி திடீரென்று போனால் கம்பெனி ஆட்டம் காணும், தெரிந்து போனால் நிற்கும் என்பது அதன் சாரம். ப்ருனெங்கோ பம்பு அதில் முதல் உதாரணம். வகுப்புக்கு வகுப்பு அதைச் சொன்னார்கள். சுவிரியா காலமான பின் அவர் பெயரில் பரிசு வந்தது, பரிசோடு நொயெமிக்கு இந்த வேலையும் வந்தது. முதல் அக்டோபரிலேயே அப்பாவும் வந்துவிட்டார்.

இந்த வருஷம் பதினான்காவதாக வந்த கட்டுரையைத் திறந்த நொயெமி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து படித்தாள். யமிலா குவெல்லோ என்ற பெண் எழுதியது. சுவிரியாவின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவள் மறுபடி தோண்டியெடுத்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் பதிவு அலுவலகத்துக்குப் போய் மரணச் சான்றிதழைப் பார்த்து, அறிவிப்போடு ஒப்பிட்டிருந்தாள். அந்த வரி போட்டிருந்தவர்களில் அறுபத்து மூன்று பேர் விபத்திலும் மாரடைப்பிலும் பொட்டென்று போனவர்கள். பேராசிரியரின் அளவுகோலே கோணல் என்று எழுதியிருந்தாள். கடைசியில் பெயர் பெயராகப் பட்டியல்.

பட்டியலைப் பார்க்காமலே கட்டுரையைத் தொலைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எழுதியவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் சொல் ஒன்று இருந்தாலும் கட்டுரையைத் தள்ளிவிடலாம் என்று பரிசு விதி சொல்கிறது. ஏழாம் பக்கத்தில் அந்தப் பெண் தன் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு நன்றி சொல்லியிருந்தாள், அது போதும். எத்தனையோ பேருக்கு இப்படிப்பட்டதை நொயெமி சத்தமில்லாமல் அழித்துக் காப்பாற்றியிருக்கிறாள். இவளை மட்டும் ஏன் காப்பாற்ற வேண்டும்? நாற்காலியைப் பார்த்தாள். அப்பா தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டிருந்தார்.

பட்டியலில் விரலை வைத்து இறங்கினாள். முப்பத்தெட்டு: அல்தோ ப்ருனெங்கோ. அறிவிப்பு: எதிர்பார்த்த மரணம். சான்றிதழ்: நீண்ட நாள் இருதய நோய். இரண்டும் ஒத்துப்போகின்றன, உறுதி செய்யப்பட்டது.

தப்பித்தாயிற்று. மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. சுவிரியா நல்லெண்ணத்தில் நம்பினார். இந்தப் பெண் யாரையும் நம்பாமல் தேடியும், நார்தி டாக்டரின் கையெழுத்து அவளையும் ஏமாற்றிவிட்டது. இனி பரிசு முத்திரையும் குத்திவிட்டால் அப்பா என்றென்றைக்கும் நிம்மதியாகச் செத்தவர்தான். வேறு விதமாகச் சொல்ல உலகத்தில் அவளை விட்டால் ஆளில்லை. ஏழாம் பக்கத்து நன்றியை அழித்தாள், எண் போட்டாள், நடுவர்களுக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரவியோலி சாப்பிட அம்மா வீட்டுக்குப் போனாள். எர்மீனியாவுக்கு எண்பத்து மூன்று வயது, நாக்குக்கு மட்டும் இருபது. சுவிரியாவின் கட்டுரை அச்சான புத்தகத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். யார் வந்தாலும் முப்பத்தெட்டாம் வரியைக் காட்டுவாள்.

"அம்மா, அப்பா செத்த அன்னிக்கு..." என்று நொயெமி ஆரம்பித்தாள்.

"மழைன்னா அப்படி ஒரு மழை" என்றாள் அம்மா, சீஸைத் துருவிக்கொண்டே. "பங்குச் சாமியார் நனைஞ்சுட்டு வந்தாரு பாவம். செருப்பெல்லாம் சொதசொதன்னு. கழட்டிட்டு வாங்க சாமினு சொன்னேன். உங்கப்பா கையப் புடிச்சுட்டு மெதுவா ஜெபம் சொன்னாரு. எவ்வளவு அமைதியாப் போனாரு தெரியுமா?"

முன்பெல்லாம் வெளியாட்கள் இருக்கும்போது மட்டும்தான் அம்மா இதைச் சொல்வாள். அப்புறம் செருப்பு வந்து சேர்ந்தது. அப்புறம் ஜெபம். இப்போது வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போதும் சொல்கிறாள். சொல்கையில் கண் கலங்குகிறது. இது நடிப்பில்லை என்று நொயெமிக்குத் தெரிந்தது. அம்மாவின் தலைக்குள் அந்தச் சாமியார் உண்மையாகவே மழையில் நடந்து வருகிறார். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு நியாயம் கிடைக்கும், அம்மாவுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் போய்விடும்.

"என்னடி கேக்க வந்த?"

"ஒண்ணுமில்லம்மா. உப்பு கொஞ்சம் தூக்கல்."

"உன் வாய்க்கு என்னிக்குதான் சரியா இருந்துச்சு."

நடுவர்கள் மூவரும் பதினான்காம் கட்டுரையையே தேர்ந்தெடுத்தார்கள். சுவிரியா பரிசை சுவிரியாவைக் கவிழ்த்த கட்டுரைக்கே கொடுப்பதா என்று பாஹெஸ் தலையில் அடித்துக்கொண்டார். வெற்றிபெற்றவர் அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியை நேரில் வந்து கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். யமிலா வந்தாள். மெலிந்த, நகம் கடிக்கிற பெண். அவள் தன் பையை அந்த நாற்காலியில் வைக்கப் போனபோது நொயெமி கால் ஆடுது என்று சொல்லவில்லை. பையை வைக்கவிடாமல் தானே வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டாள். மாத்தே தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"முப்பத்தெட்டாம் வரி தப்பும்மா" என்றாள்.

"ப்ருனெங்கோவா? இல்லையே சென்யோரா. சான்றிதழ என் கண்ணால பாத்தேன். நார்தினு ஒரு டாக்டர் கையெழுத்து."

"நார்தி என் ஞானத்தகப்பன். ப்ருனெங்கோ என் அப்பா. அறிவிப்ப எழுதினது நான். அவருக்கு இருதய நோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தொழில் நொடிச்சுதுன்னு தானே முடிச்சுக்கிட்டாரு. சாமியார் யாரும் வரல."

யமிலா மாத்தேயைக் குடிக்காமல் மேஜை மேல் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஆராய்ச்சிக்காரி ஆராய்ச்சிக்காரிதான், பென்சிலை எடுத்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. ஆனா ரெண்டு ஆவணம் ஒரு மாதிரி சொல்லுது. மாத்தணும்னா இன்னொரு சாட்சி வேணும். வேற யாருக்காவது தெரியுமா?"

"நார்தி டாக்டர் செத்துப்போயிட்டாரு. அம்மாவுக்குத் தெரியும்."

"அவங்க சொல்வாங்களா?"

"சாமியார் வந்தாருன்னு சொல்வாங்க."

முப்பத்தைந்து வருஷம் கழித்து வாயைத் திறந்தாலும் எழுதிக்கொள்ள இடமில்லை என்று தெரிந்தபோது நொயெமிக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு.

"அவர 'திடீர்'ல போட முடியாது" என்றாள் யமிலா, தயங்கித் தயங்கி. "தொழில் நொடிச்சதால தானே போனவங்கள 'எதிர்பார்த்த மரணம்' பக்கமும் சேக்க முடியாது. ஆனா எடுத்துடலாம். எடுக்கறதுக்குச் சந்தேகம் ஒண்ணு போதும். நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். அது எங்கிட்டதான் இருக்கும், அச்சுல வராது."

நொயெமி எழுதினாள். அல்தோ ப்ருனெங்கோ நோயால் சாகவில்லை, அவர் சாகும்போது அருகில் யாரும் இல்லை, அறிவிப்பில் இருந்தது நான் எழுதிய பொய். இந்தத் தடவை கை நடுங்கித் தொலைத்தது. யமிலா ஒரு கோட்டை இழுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு இருநூற்றுப் பதினொன்றாயிற்று.

"இதனால பரிசுக்கு ஒண்ணும்..." என்று அவள் கவலையோடு கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. போ கண்ணு. நகத்தக் கடிக்காத."

நவம்பரில் விழா நடந்தது. பாஹெஸ் நீளமாகப் பேசினார், வந்தவர்கள் சாண்ட்விச்சை ஒரு கை பார்த்தார்கள், யமிலா பட்டயத்தை வாங்கிக்கொண்டு அழுதாள். நொயெமி காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். எப்போதும் விழா முடியும்வரை இருக்கும் அப்பா அன்றைக்கு வரவில்லை. எடுத்துவிட்டதால் கோபமா, திருப்தியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் இல்லாத அறைதான் அதிகப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, யமிலாவின் கட்டுரை அச்சான புதிய புத்தகம் அம்மா வீட்டுக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. சித்தப்பாவின் கம்பெனிக்கு ஒரு பிரதி அனுப்புவது வழக்கம், அவர் அதை அண்ணிக்குக் கொடுத்துவிட்டார். அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல உங்கப்பா எங்கடி? முப்பத்தெட்டுல யாரோ எண்ணெய் மில்லுக்காரன் இருக்கான்."

"இல்லம்மா. எடுத்துட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எலி, ஆடுகிற நாற்காலி என்று வாழ்நாளெல்லாம் சமாளித்தவள்தான். அன்றைக்கு முடியவில்லை.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். சாமியார் வரலம்மா. யாருமே வரல. அப்பா அந்தப் பின்னறையில தனியாக் கெடந்து போயிட்டாரு. பொய்ய எழுதினவ நான். இனிமே என்னால தாங்க முடியாது."

அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவள் கத்துவாள், இல்லையென்றால் மயங்கி விழுவாள் என்று நொயெமி எழுந்தே விட்டாள். அம்மா இரண்டும் செய்யவில்லை.

"தனியா இல்லடி" என்றாள். "நான் இருந்தேன்."

"அம்மா..."

"சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். அப்ப உயிர் இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. நார்திக்குப் போன் பண்ணேன், அவர் பக்கத்து ஊருல இருந்தாரு, மழையில வர நேரமாச்சு. ஆஸ்பத்திரி வேணாம்னு உங்கப்பாவே கையப் புடிச்சுக்கிட்டாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. சாமியாரக் கூப்பிடு எர்மீனியானு கேட்டாரு."

"கூப்பிட்டியா?"

"கோயில் மூணு தெரு தள்ளி. சாமியார் வந்தா ஊருக்கே தெரிஞ்சுடும். முதலாளியே மருந்தக் குடிச்சுட்டான்னு தெரிஞ்சா அந்தப் பட்டறைக்கு இரும்பு யார் குடுப்பா? நாப்பது குடும்பம்டி. நான் எழுந்திருக்கவே இல்ல. ஆள் அனுப்பிட்டேன், வந்துட்டே இருக்காருனு சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாரு. மழை இல்லையா, நனைஞ்சுட்டு வராரு போல, செருப்பெல்லாம் சேறா இருக்கும்னு சொன்னேன். சொல்லிட்டே இருந்தேன்."

நொயெமி மெதுவாகக் கேட்டாள்: "அப்பா நம்பினாரா?"

"நம்பிட்டுதான் போனாரு."

நொயெமி அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இதைப் போய் இந்தக் கிழவி ஒருத்தியாகவே சுமந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள். எர்மீனியா அழவில்லை. கூப்பிட்டிருக்கணும்டி, கூப்பிட்டிருக்கணும் என்று மகளின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.